ஸ்பிரிங்ஃபீல்டில் காலியாக வைத்த ஓர் அறை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்றொரு நகரம். அங்கே செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் 32 ஆபரேஷன் தியேட்டர்கள் இருந்தன. ஆண்டுக்கு 30,000க்கும் அதிகமான அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. 2002ஆம் ஆண்டில் அந்த 32 அறைகளும் முழுக்க நிரம்பிப்போய், இரவு 2 மணிக்கு ஆபரேஷன் செய்வது சாதாரண விஷயமாகிவிட்டது. இரண்டு மணி நேர அறுவைக்காக சர்ஜன் பல மணி நேரம் காத்திருந்தார். ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாத நர்சுகளும் டெக்னீஷியன்களும் முன்னறிவிப்பு இல்லாமல் ஓவர்டைம் பார்த்தார்கள்.

இந்த நிலையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: அறை போதவில்லை, இன்னும் இரண்டு கட்டுங்கள். அந்த மருத்துவமனை செய்தது நேர்மாறானது. இருந்த 32இல் ஒன்றை எடுத்து, திட்டமிட்ட அறுவை எதற்கும் இனி இது கிடையாது என்று ஒதுக்கி வைத்தது. முன்பதிவு இல்லாமல் வந்து சேரும் கேஸ்களுக்கு மட்டும் அந்த அறை. அதன் பிறகு மொத்த அறுவைகளின் எண்ணிக்கை கூடியது.

மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறவர்களிடையே இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ஒரு மந்திரவித்தை போலச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த அறை ஏன் வேலை செய்தது என்று விளங்கிக்கொள்ளாமல் அதை நகலெடுத்தால், இன்னொரு மருத்துவமனையில் அதே அறை வீணாகப் போகலாம். நெதர்லாந்தில் ஒரு பெரிய மருத்துவமனை கணக்குப் போட்டுப் பார்த்து, அவசரத்துக்கென்று இருந்த அறையை மூடுவதே நல்லது என்று முடிவெடுத்தது. அவர்களும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஒரு கேஸ் தள்ளிப்போனால் என்ன ஆகிறது

முதலில் அன்றாடத்தைப் பார்ப்போம். காலை 10 மணிக்கு ஒருவர் வெடிக்கும் நிலையில் உள்ள குடல்வாலோடு வருகிறார். எல்லா அறையிலும் கேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து எந்த அறை காலியாகும் என்று தியேட்டர் பொறுப்பாளர் ஒவ்வொரு கதவாகப் போய்ப் பார்க்கிறார். 11 மணிக்கு 7ஆம் அறை முடிகிறது. அங்கே அடுத்ததாக மூட்டு மாற்று அறுவைக்கு ஒரு பெரியவர் பட்டியலில் இருக்கிறார். முந்தின இரவு முதல் வெறும் வயிறு. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவரைத் தள்ளிவைத்துவிட்டுக் குடல்வாலை உள்ளே எடுக்கிறார்கள்.

அதோடு முடிந்ததா? மூட்டு அறுவைக்கான கருவிகள் திறக்கப்பட்டிருந்தால் மறுபடி ஸ்டெரிலைசேஷனுக்குப் போக வேண்டும். அந்த எலும்பு சர்ஜனுக்கு மதியம் புறநோயாளிகள் காத்திருக்கிறார்கள்; இப்போது எதை விடுவது, எதைப் பிடிப்பது? மயக்கவியல் டாக்டரின் பட்டியல் குலைகிறது. பெரியவரின் அறுவை மாலை 5 மணிக்கு நகர்கிறது. அதற்குப் பின்னால் இருந்தவர் இரவு 8க்குப் போகிறார், அல்லது நாளை வரச்சொல்லி அனுப்பப்படுகிறார். மகன் லீவு போட்டுவிட்டு வந்திருப்பார். மருமகள் சாப்பாட்டுக் கூடையோடு வெளியே உட்கார்ந்திருப்பார். இரவு வரை நின்ற நர்ஸ் மறுநாள் காலை களைப்போடு வருவார், அல்லது வரமாட்டார். ஒரு குடல்வால், ஒரு மணி நேர வேலை. அது உண்டாக்கிய அலை மறுநாள் மதியம் வரை அடிக்கிறது.

இதைவிட மோசமானது, அந்த அலைக்குப் பயந்து மனிதர்கள் செய்யும் வேலைகள். தன் கேஸ் தள்ளிப்போகும் என்று அனுபவப்பட்ட சர்ஜன், காலை முதல் இடத்தைப் பிடிக்கப் போட்டிபோடுவார். தேவைக்கு மேல் நேரம் கேட்டு வைப்பார். நாளைக்குச் செய்யக்கூடிய கேஸை ‘அவசரம்’ என்று எழுதி இன்றைக்கே உள்ளே நுழைப்பார். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தன் நோயாளிக்காகத்தான் செய்கிறார். ஆனால் எல்லோரும் சேர்ந்து செய்யும்போது பட்டியலில் எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகிறது.

லிட்வாக் எண்ணிப் பார்த்தது

செயின்ட் ஜான்ஸின் யோசனைக்குப் பின்னால் இருந்தவர் யூஜின் லிட்வாக். சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்; செயல்முறை ஆராய்ச்சி எனப்படும் கணிதத் துறையைச் சேர்ந்தவர்; அப்போது பாஸ்டனில் இருந்தார். மயக்கவியல் மருத்துவர் மைக்கேல் லாங்கோடு சேர்ந்து மருத்துவமனைகளின் நெரிசலை ஆராய்ந்தபோது, கேட்டால் யாரும் நம்பத் தயங்கும் ஒன்றை அவர் எடுத்துக் காட்டினார். நாளுக்கு நாள் அதிகம் ஏறி இறங்குவது அவசர நோயாளிகளின் எண்ணிக்கை என்றுதான் நாம் நினைப்போம். எண்ணிப் பார்த்தால், மருத்துவமனையே தேதி கொடுத்து வரவழைக்கும் நோயாளிகளின் எண்ணிக்கைதான் பல நேரம் அதைவிடக் கூடுதலாக ஏறி இறங்குகிறது.

காரணம் எளிது. எந்தத் தனி மனிதருக்கு எப்போது குடல்வால் வீங்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் லட்சக்கணக்கான மக்கள் உள்ள வட்டாரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒருவர் வருவதற்கும் இன்னொருவர் வருவதற்கும் தொடர்பில்லாதபோது, எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூல அளவில் இருக்கும். சராசரி நாளுக்கு 9 கேஸ் என்றால் ஏற்ற இறக்கம் சுமார் 3. அதாவது நான்கு நாளில் மூன்று நாள் 6 முதல் 12க்குள் நிற்கும். வருடம் முழுவதும் இப்படித்தான்.

திட்டமிட்ட கேஸ்களுக்கு இந்த ஒழுங்கு இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யூனிட்டுக்கு யூனிட் தியேட்டர் நாள் என்று உண்டல்லவா, அமெரிக்க மருத்துவமனைகளிலும் அதுபோல ஒவ்வொரு சர்ஜனுக்கோ துறைக்கோ வாரத்தில் குறிப்பிட்ட நாளும் நேரமும் ஒதுக்கப்படுகின்றன. பல சர்ஜன்கள் வாரத் தொடக்கத்தையே விரும்புவார்கள். அப்போதுதான் சனிக்கிழமைக்குள் நோயாளியை வீட்டுக்கு அனுப்ப முடியும். மாநாடு வந்தால் பட்டியல் காலி. திரும்பி வந்த வாரம் பட்டியல் பிதுங்கும். ஆக, வாரத் தொடக்கத்தில் மேடு, வாரக் கடைசியில் பள்ளம். இந்த மேடுபள்ளம் நாமே வெட்டியது. லிட்வாக் இதைச் செயற்கை ஏற்ற இறக்கம் என்றார். நோயாளியின் உடம்பிலிருந்து வருவது இயற்கை. அதைச் சமாளிக்கத்தான் முடியும். நாட்காட்டியிலிருந்து வருவது செயற்கை. அதை நீக்க முடியும்.

இரண்டையும் ஒரே வரிசையில் கலக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது. கலந்த வரிசையைப் பார்த்து எத்தனை அறை வேண்டும் என்று கேட்டால் எந்தப் பதிலும் சரியாக வராது.

100 சதவீதம் என்பதன் விலை

தொலைபேசி இணைப்பகத்தில் எத்தனை கம்பி வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடி 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் பொறியாளர் ஏர்லாங் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரிசைக் கணிதம் வளர்ந்தது. கம்பிக்குப் பதில் அறுவை அறை என்று வைத்துக்கொண்டால் அதே கணக்கு இங்கேயும் பொருந்தும்.

ஓர் அறை இருக்கிறது. நோயாளிகள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள். ஒரு கேஸுக்குச் சராசரி 2 மணி நேரம், அதுவும் கேஸுக்குக் கேஸ் நன்றாக மாறுபடும் என்று வைத்துக்கொள்வோம். அறை பாதி நேரம் வேலையில் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 2 மணி நேரம். 80 சதவீதம் நிரம்பினால் 8 மணி நேரம். 90 சதவீதத்தில் 18. 95 சதவீதத்தில் 38. நிரப்பும் அளவு 80இலிருந்து 90க்குப் போனதில் கூடிய வேலை எட்டில் ஒரு பங்கு. காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல். 100 சதவீதத்தில் காத்திருப்புக்கு எல்லையே இல்லை.

நிர்வாகக் கூட்டங்களில் அறைப் பயன்பாடு 95 சதவீதம் என்று காட்டினால் கைதட்டல் விழும். திட்டமிட்ட கேஸ்கள் மட்டும் ஓடும் அறையில் அது நல்ல எண்தான். எந்த நேரத்தில் யார் வருவார்கள் என்று தெரியாத வரிசையில் அதே எண், நோயாளி வெளியே காத்துக்கிடக்கிறார் என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம். ஒரே அளவுகோலால் இரண்டையும் அளப்பது பெரிய தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு மாத வெள்ளோட்டம்

செயின்ட் ஜான்ஸில் விபத்துக்காய சர்ஜனாக இருந்த கென்னத் லார்சன், முன்பதிவில்லாத கேஸ்களுக்குத் தனி அறை வேண்டும் என்று கேட்டார். சக சர்ஜன்கள் ஒப்பவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஏற்கெனவே மூச்சுவிட இடமில்லை. இருப்பதிலும் ஒன்றைப் பிடுங்குவதா? 32இல் ஒன்று போனால் 3 சதவீத இடம் போகிறது. ஆண்டுக்கு 30,000 அறுவை, 250 வேலை நாள் என்று வைத்தால், ஓர் அறையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கேஸ் நடந்தது. அந்த 4 பேரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பேச்சு முடிவில் வெள்ளோட்டமாகச் செய்து பார்ப்போம் என்று தொடங்கினார்கள். ஒரு மாதத்திலேயே மருத்துவமனை அதை நிரந்தரமாக்கிவிட்டது. மொத்த அறுவைகள் 5.1 சதவீதம் கூடின. பிற்பகல் 3 மணிக்கு மேல் நடக்கும் அறுவைகள் 45 சதவீதம் குறைந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அறுவை எண்ணிக்கை முறையே 7 சதவீதமும் 11 சதவீதமும் உயர்ந்தது.

இந்த எண்களில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 45 சதவீதம். 3 சதவீத இடத்தை விட்டுக்கொடுத்து மாலை வேலையில் பாதியை ஒழித்தார்கள் என்றால், மாலை வேலை எல்லாம் மாலையில் வந்த நோயாளிகளால் உண்டானதல்ல. காலையில் குலைந்த பட்டியலின் மிச்சம்தான் அது. 31 அறைகளுக்கு அவசர கேஸ் என்ற இடையூறு குறைந்தவுடன், அங்கே எழுதிய பட்டியல் எழுதியபடி நடந்தது. கருவிகள் நேரத்துக்கு வந்தன. சர்ஜன் நேரத்துக்கு வந்தார். நேரத்துக்கு வருவதில் பொருள் இருந்ததால் வந்தார். அந்த ஓர் அறை விட்டுக்கொடுத்த இடத்தைவிட மற்ற 31 அறைகளில் மீட்கப்பட்ட நேரம் அதிகம்.

இன்னொன்றும் நடந்தது. அவசர வரிசை தனியாகப் போனதும், மிச்சமிருந்த ஏற்ற இறக்கம் யாருடையது என்று பளிச்சென்று தெரிந்துபோனது. இதுவரை பட்டியல் குலைந்தால் ‘எமர்ஜென்சி வந்துவிட்டது’ என்று சொல்லலாம். இப்போது அந்தச் சாக்கு இல்லை. வாரத் தொடக்கத்தில் குவியும் திட்டமிட்ட கேஸ்களை ஐந்து நாளுக்கும் பரப்ப வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் எடுபட்டது.

ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இது முன்னும் பின்னும் ஒப்பிட்ட கணக்கு. பக்கத்தில் மாற்றம் செய்யாத இன்னொரு மருத்துவமனையை வைத்துப் பார்த்த சோதனை அல்ல. இரண்டாம் மூன்றாம் ஆண்டு உயர்வு முழுவதையும் அந்த ஓர் அறையின் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. முதல் மாதத்து மாலை நேரக் குறைவை மட்டும் தயங்காமல் எழுதுவேன்.

பிறகு வேறு மருத்துவமனைகளும் இதைச் செய்தன. பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் தள்ளிப்போன அல்லது ரத்தான திட்டமிட்ட அறுவைகள் 334இலிருந்து 3 ஆகக் குறைந்தன. ஃபுளோரிடாவின் மேயோ கிளினிக்கில் ஓவர்டைம் 27 சதவீதமும், அன்றைக்கு அன்று பட்டியலை மாற்றுவது 70 சதவீதமும் குறைந்தன. சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை, 10 கோடி டாலர் செலவில் கட்டவிருந்த கூடுதல் படுக்கைகளைக் கட்டாமலே சமாளித்தது.

ராட்டர்டாம் சொன்ன மறுப்பு

2007இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் உள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவசர அறுவை அறைகளை மூடினால் செயல்திறன் கூடும் என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. கணினியில் இரண்டு ஏற்பாடுகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் அவசரத்துக்குத் தனி அறை. மற்றதில் தனி அறை இல்லை; அதற்குப் பதிலாக, திட்டமிட்ட அறைகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நேரத்தை நிரப்பாமல் விட்டுவைப்பது.

தனி அறை ஏற்பாட்டில் அவசர நோயாளியின் சராசரிக் காத்திருப்பு 74 நிமிடம். பரப்பிய ஏற்பாட்டில் 8 நிமிடம். ஓவர்டைம் நாளுக்கு 10.6 மணி நேரத்திலிருந்து 8.4 ஆனது. அறைப் பயன்பாடு 74 சதவீதத்திலிருந்து 77 ஆக உயர்ந்தது. மூன்றிலும் தனி அறை தோற்றது.

இது எப்படி என்று யோசித்தால் விளங்கும். தனி அறையில் ஒருவர் படுத்திருக்கும்போது இரண்டாவது அவசர நோயாளி வந்தால், அவருக்கு அந்த அறை இருந்தும் இல்லாததுதான். 12 அறைகள் ஓடுகின்றன, ஒரு கேஸ் சராசரி 2 மணி நேரம், எல்லாம் ஒரே நேரத்தில் முடியாமல் முன்னே பின்னே முடிகின்றன என்றால், சராசரியாகப் 10 நிமிடத்துக்கு ஓர் அறை காலியாகும். பேருந்து நிலையத்தில் ஒரே ஒரு தனி வண்டிக்குக் காத்திருப்பதைவிட, 10 நிமிடத்துக்கு ஒன்று வரும் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொள்வது மேல். நெதர்லாந்து ஆய்வாளர்கள் பின்னாளில் இதையே இன்னும் கூர்மையாக்கினார்கள்: எந்த அறை எப்போது முடியும் என்று பார்த்து, முடியும் நேரங்கள் நாள் முழுக்கச் சீராகப் பரவும்படி கேஸ்களை வரிசைப்படுத்துவது. ஒரு கேஸ் முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் அந்தப் பிளவில் அவசர கேஸ் நுழைந்துகொள்ளும்.

அப்படியானால் ஸ்பிரிங்ஃபீல்ட் தப்பா? இல்லை. ராட்டர்டாமின் கணக்கில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது: ஒவ்வோர் அறையிலும் விட்டுவைத்த நேரம் விட்டுவைத்தபடியே இருக்க வேண்டும். கணினிக்குள் அது இருக்கும். நிஜ மருத்துவமனையில், 5ஆம் அறையில் மாலை 3 முதல் 4 வரை காலி என்று பலகையில் தெரிந்தால், ஒரு சின்ன கேஸை அங்கே போடச்சொல்லி போன் வரும். தலைக்குக் கொஞ்சம் என்று பரப்பிவைத்த காலி நேரம் யாருடையதும் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். ஸ்பிரிங்ஃபீல்டின் 32 அறைகளும் 100 சதவீதம் நிரம்பியது அப்படித்தான். அங்கே தேவைப்பட்டது, கண்ணுக்குத் தெரிகிற, கதவு உள்ள, பெயர் எழுதிய ஒரு காலி இடம். ராட்டர்டாமில் நேரத்தை மதிக்கும் திட்டமிடல் இருந்தால், தனி அறையைவிடப் பரப்பிய நேரம் மேல்.

ஆகவே இரு பக்கமும் ஒத்துப்போகும் புள்ளி ஒன்று உண்டு. அவசரத்துக்கென்று நிரப்பாத நேரம் கட்டாயம் வேண்டும். அதை ஓர் அறையாகக் குவிப்பதா, எல்லா அறையிலும் தூவுவதா என்பது, அந்த இடத்தின் அறை எண்ணிக்கையையும் அங்குள்ளவர்களின் கட்டுப்பாட்டையும் பொறுத்தது. 4 அறை உள்ள மருத்துவமனையில் தூவினால் பலன் குறைவு. அரை மணிக்கு ஒரு முறைதான் பிளவு வரும். 20 அறை உள்ள இடத்தில் தாராளமாகத் தூவலாம், பட்டியலைக் காப்பாற்றும் ஆள் இருந்தால்.

எத்தனை அறை?

தனி அறை என்று முடிவெடுத்தால் கணக்கு கடினமில்லை. கேஸ் எத்தனை வந்தது என்பதைவிட, எத்தனை மணிக்குக் கேட்டார்கள், எத்தனை மணிக்கு நோயாளி உள்ளே போனார், எத்தனை மணிக்கு அறை மறுபடி தயாரானது என்ற மூன்று நேரங்களை ஒரு வருடத்துக்கு எழுதிவைத்திருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் முதல் நேரம் எங்கேயும் பதிவாகாது. அது இல்லாமல் காத்திருப்பை அளக்க வழியில்லை.

24 மணி நேரமும் ஆள் உள்ள ஓர் அவசர அறை. நாளுக்கு 4 கேஸ். கேஸுக்கு, துப்புரவு உட்பட, சராசரி 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் வேலையில் இருக்கும். அப்படியும் மூன்று பேரில் ஒருவர் காத்திருக்க நேரும். எல்லோரையும் சேர்த்துச் சராசரிக் காத்திருப்பு 1 மணி நேரம். இப்போது கேஸ்களையும் அறைகளையும் இரட்டிப்பாக்குவோம்: 8 கேஸ், 2 அறை. நிரப்பும் அளவு அதே மூன்றில் ஒரு பங்கு. ஆனால் காத்திருப்போர் ஆறில் ஒருவர். சராசரி 15 நிமிடம். அதே விகிதம், நான்கில் ஒரு பங்கு காத்திருப்பு. பெரிய மருத்துவமனைக்கு உள்ள இந்த அனுகூலம் சிறியதற்கு இல்லை. பக்கத்து ஊர்களின் சிறிய மருத்துவமனைகள் அவசர அறுவையை ஒரே இடத்தில் சேர்த்துச் செய்வதற்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை. அதற்கு எதிராக நிற்பது சாலைத் தூரம். ரத்தம் கொட்டும் தாய்க்கு 15 நிமிடக் காத்திருப்பு உள்ள அறுவை அரங்கம் 80 கிலோமீட்டரில் இருந்து என்ன பயன்?

எல்லா அவசரமும் ஒரே அவசரமல்ல என்பதும் கணக்கில் வர வேண்டும். பிரிட்டனில் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்: நிமிடங்களில் செய்ய வேண்டியது, மணிகளில் செய்ய வேண்டியது, சில நாட்களுக்குள் செய்ய வேண்டியது, தேதி கொடுத்துச் செய்வது. முதல் வகைக்கு எந்தத் தனி அறையும் உத்தரவாதம் அல்ல. அடுத்து எந்தக் கதவு திறக்கிறதோ அதுதான் அவர் அறை, பட்டியல் என்ன ஆனாலும் சரி. அந்த எண்ணிக்கை குறைவு. தனி அறையின் உண்மையான பயனாளிகள் இரண்டாம் மூன்றாம் வகையினர்: குடல்வால், முறிந்த இடுப்பு, சீழ்க்கட்டி. இவர்களைத்தான் வழக்கமாக ‘எல்லாம் முடிந்த பிறகு பார்க்கலாம்’ என்று ராத்திரிக்குத் தள்ளுகிறார்கள். யார், எப்போது அறுவை செய்கிறார்கள் என்று பிரிட்டனில் 1997இல் வந்த தணிக்கை அறிக்கைக்கும் இதுதான் கவலை. நடு இரவில், மூத்தவர் மேற்பார்வை இல்லாமல், இளையவர்கள் கையில் இந்தக் கேஸ்கள் விழக்கூடாது. பகலிலேயே அவசரத்துக்கென ஓர் அரங்கம் வேண்டும். அங்கே பல மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலை இன்றைக்கும் அந்தத் தணிக்கை அமைப்பின் பெயரைச் சுருக்கி ‘சீபாட் லிஸ்ட்’ என்றே அழைக்கிறார்கள்.

ஆகையால் காலை 8 மணிக்குத் தனி அறையில் முதல் கேஸாக, நேற்றிரவு வந்து இரவைத் தாண்ட முடிந்த நோயாளி போக வேண்டும். தூங்கி எழுந்த சர்ஜன், முழு ஆட்கள், எக்ஸ்ரே, ரத்த வங்கி எல்லாம் இருக்கும் நேரம் அது.

இதற்குப் பிறகும் அந்த அறை சும்மா இருக்கும் நாட்கள் வரும். நாளுக்குச் சராசரி 4 கேஸ் என்றால், காலை 8 முதல் மாலை 4 வரை புதிதாக ஒருவரும் வராத நாட்கள் நான்கில் ஒன்றுக்குச் சற்று அதிகம். விரித்த மேசை, இரண்டு நர்சுகள், ஒரு மயக்கவியல் டாக்டர், நோயாளி இல்லை. அன்றைக்குப் பகல் 1 மணிக்கு நல்ல மனதோடு ஒரு சர்ஜன் வருவார். “சும்மாதானே சிஸ்டர் இருக்கு, ஒரு ஹெர்னியா போட்டுக்கலாமா, 40 நிமிஷம்தான்” என்பார். 40 நிமிடம் ஒன்றரை மணி நேரமாகும். 1.20க்கு முறிந்த தொடையெலும்போடு ஒருவர் வருவார். அவரை உள்ளே எடுக்க 9ஆம் அறையின் பட்டியல் தள்ளிப்போகும். மறுநாள் இன்னொரு சர்ஜன், “நேத்து அவருக்குக் குடுத்தீங்களே” என்று கேட்பார்.

ஆகவே தனி அறை தொடங்கும் மருத்துவமனை, இயந்திரங்கள் வாங்குவதற்கு முன்னால் ஒரு பக்கத் தாளைத் தயார் செய்ய வேண்டும். அந்த அறையில் எந்த வகைக் கேஸ் போகலாம், போகக்கூடாது. முடியாது என்று சொல்லும் அதிகாரம் அன்றன்றைக்கு எந்தப் பதவியில் இருப்பவரிடம். அவர் சொன்னபின் மேலே போய் மாற்றிக்கொள்ள யாருக்கும் வழி இல்லை. அடியில் டீன் அல்லது மருத்துவ இயக்குநரின் கையெழுத்து. தாளை அந்தத் தியேட்டர் கதவிலேயே ஒட்ட வேண்டும், 1 மணிக்கு வருகிற சர்ஜன் படிக்கும் உயரத்தில்.